லண்டனைத் தெமோதரையிலிருந்து நடக்கணும்

பயணக் கட்டுரைகளில் ஒரு வகை இருக்கிறது. "லண்டனை நடந்தே பார்த்தோம்" என்று தலைப்பு இருக்கும். முதல் பத்தியில் விமானம் இறங்கும். இரண்டாவதில் குளிர் அடிக்கும். மூன்றாவதில் பிக் பென், நான்காவதில் பக்கிங்ஹாம் அரண்மனை, ஐந்தாவதில் டவர் பிரிட்ஜ். நடுவில் "எவ்வளவு சுத்தம், எவ்வளவு ஒழுங்கு, நம்ம ஊர்ல இப்படி வருமா" என்று ஒரு பெருமூச்சு. கடைசியில் கைப்பேசி காட்டிய எண்: இன்றைக்கு இருபதாயிரம் ஸ்டெப்ஸ். இப்போது இதே சரக்கு ரீல்ஸாகவும் வருகிறது. பெருமூச்சுக்குப் பின்னணி இசை சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த எழுத்து மேல எங்களுக்குக் கோபம் இருக்கு. நடக்கிறது மேல கோபம் இல்லை. ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள நடையைவிட நல்ல வழி கிடையாது. பஸ் ஜன்னலில் தெரியாத சந்து காலுக்குத் தெரியும். கோபம் எதற்கென்றால், இருபதாயிரம் அடி எடுத்து வைத்தும் ஒன்றையும் பார்க்காமல் திரும்பி வருவதற்கு. அதிலும் பதுளைப் பக்கத்திலிருந்து, நுவரெலியாப் பக்கத்திலிருந்து படிக்கவோ வேலைக்கோ போன நம்ம பிள்ளைகளே அதே அஞ்சு படத்தைப் போட்டுவிட்டு "கனவு நனவாச்சு" என்று எழுதும்போது கோபம் ரெண்டு மடங்காகிறது.

எங்கள் வாதம் இதுதான். தெமோதரையிலிருந்து லண்டனுக்குப் போகிற ஒருவர் அங்கே வெறும் விருந்தாளி இல்லை. அந்த ஊரின் கணக்குப் புத்தகத்தில் நம்ம வீட்டு உழைப்பு ஏறியிருக்கு. அங்கே நடந்தால் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி நடக்கணும்.

யாருக்கு நடக்க விடுறாங்க?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிரிட்டனுக்கு ஆறு மாதச் சுற்றுலா விசாவுக்கு 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்ட். நம்ம காசுக்கு ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அதாவது முப்பத்தேழு நாள், நிறை குறையாமல், அரைப்பேர் விழாமல் கொழுந்து எடுத்தால் விண்ணப்பத்தை நீட்டலாம். வயித்துக்கு ஒன்றும் போடாமல் எடுத்திருக்கணும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விசா மறுக்கப்பட்டால் கட்டிய காசு திரும்பி வராது.

லண்டன்காரர் ஒருவர் எல்லவுக்கு வர வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். அடுத்த வாரம் அவர் எல்லவிலிருந்து தெமோதரைப் பக்கமாகத் தண்டவாளத்தின் மேல் நடந்துகொண்டிருப்பார். ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு படம். பக்கத்து மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கிற அக்காவோடு ஒரு படம். அக்காவின் பெயர் அந்தப் படத்தின் கீழே வராது. "உள்ளூர்ப் பெண்" என்று வரும்.

உலகத்தை நடந்து பார்ப்பது மனித சுபாவம், எல்லோருக்கும் பொதுவான ஆசை என்று எழுதுகிறவர்கள் இந்த ஓரக்கணக்கைப் போட்டுவிட்டு எழுதணும். ஆசை பொதுதான். கடவுச்சீட்டு பொது இல்லை. நம்ம பாட்டன் பாட்டிமார் விஷயத்தில் கடவுச்சீட்டே இல்லை. 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, லட்சக்கணக்கான பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. நாடில்லாத ஆள் எந்த நாட்டுக்குச் சுற்றுலா போவது?

அதற்காக நம்ம ஆளுங்க நடக்காதவங்க இல்லை. இந்த நாட்டிலேயே மிக நீண்ட நடைகளில் ஒன்று அவர்களுடையது. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் பசியும் எத்தனையோ பேரை வழியிலேயே விழுத்தின. ஊவாவுக்கு வரவேண்டியவர்களுக்கு அங்கேயும் நடை முடியவில்லை. ரயில் நானுஓயாவுக்கு வந்தது 1885இல். ஹப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு 1894. பதுளைக்கு 1924. அதுவரை கடைசித் துண்டு வழி காலாலோ மாட்டு வண்டியாலோதான். பிந்தி வந்தவர்களின் கழுத்தில், 1901க்குப் பிறகு, தோட்டத்து எண் பொறித்த தகர வில்லை தொங்கியது. இன்றைக்கு லண்டன் சுரங்க ரயிலில் போகிறவர் அட்டையைத் தட்டி உள்ளே போகிறார். நம்ம ஆளுங்களைத் தகர வில்லையைப் பார்த்து உள்ளே அனுப்பினார்கள். அட்டையை வாங்கியவர் இறங்க நினைத்த இடத்தில் இறங்கலாம். வில்லையோடு வந்தவர் எங்கே இறங்கணும் என்று கங்காணி சொல்வார்.

2023இல் அந்த நடையை மறுபடி நடந்தார்கள். இருநூறு ஆண்டு நினைவாக, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடித்தார்கள். எங்களைப் பொறுத்தவரை அண்மைக் காலத்தில் தமிழில் நடந்த மிகப் பெரிய பயண இலக்கியம் அதுதான். அதைக் காலால் எழுதினார்கள். அதை வாசித்துவிட்டு லண்டனுக்கு விமானம் ஏறுங்க.

தேயிலைப் பெட்டி போன வழி

சரி, விசா கிடைத்துவிட்டது, போயாச்சு என்று வைத்துக்கொள்வோம். எங்கே நடப்பது? நாங்கள் ஒரு வழி சொல்கிறோம். மெதுவாக நடந்தால் ரெண்டு மணி நேரம் ஆகும். நுழைவுச்சீட்டு ஒன்றும் வாங்கவேண்டாம்.

ஸ்ட்ரான்ட் வீதி, 216ஆம் இலக்கத்தில் தொடங்குங்கள். ட்வைனிங்ஸ் தேயிலைக் கடை, 1706இலிருந்து அதே இடத்தில். வாசலுக்கு மேலே ஒரு பொன் சிங்கம், ரெண்டு பக்கமும் ரெண்டு சீனர் உருவங்கள். தேயிலை சீனாவிலிருந்து வந்த காலத்து அடையாளம் அது. நம்ம ஆள் யாரும் வாசலில் இல்லை. உள்ளே தட்டில் இருக்கிற பெட்டிகளில் "சிலோன்" என்ற பெயராக மட்டும் இருக்கிறோம்.

அங்கிருந்து கிழக்கே. ஃப்ளீட் வீதி, செயின்ட் பால் பேராலயம், பிறகு வங்கிகளும் காப்புறுதிக் கம்பெனிகளும் நெருங்கி நிற்கிற பழைய நகரம். லெடன்ஹால் வீதிக்கு வந்தால் லாய்ட்ஸ் கட்டிடம். குழாய்களையும் படிக்கட்டுகளையும் வெளியே மாட்டிக் கட்டிய அந்த இரும்பு, கண்ணாடிக் கட்டிடத்தைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. அந்த இடத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. 1861இல் இடித்தார்கள். 1679இல் லண்டனின் முதல் தேயிலை ஏலத்தை நடத்தியது அந்தக் கம்பெனிதான்.

இன்னும் ஐந்து நிமிடம் தெற்கே நடந்தால் ஃபென் கோர்ட் என்ற சின்ன முற்றம். கரும்புத் தண்டு வடிவில் கல்தூண்கள் நிற்கும். அடிமை வணிகத்தின் நினைவுச்சின்னம் அது. 2008இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு திறந்து வைத்தார். கட்டாயம் நின்று பாருங்கள். கரும்புத் தோட்டத்து மக்களின் பிள்ளைகள் கேட்டார்கள், எழுதினார்கள், சத்தம் போட்டார்கள், லண்டனின் பணக்கார மூலையில் அவர்களுக்கு ஒரு முற்றம் கிடைத்தது.

இப்போது ஃபென்சர்ச் வீதியைக் கடந்தால் மின்சிங் லேன். நம்ம தாத்தாமார் பெயர்கூடக் கேள்விப்படாத சந்து. ஆனால் அவர்கள் அடுப்பு எரியணுமா வேணாமா என்று தீர்மானித்த சந்து. 1834க்குப் பிறகு, கம்பெனியின் ஏகபோகம் போனதும், உலகத் தேயிலை வியாபாரத்தின் நடுவிடம் இதுவாகத்தான் இருந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் செய்த தேயிலை லண்டனுக்கு முதலில் போனது 1873இல், 23 ராத்தல். பிறகு அந்த 23 ராத்தல் கப்பல் கப்பலாக ஆனது. இங்கே ஒரு சுத்தியல் தட்டினால் அங்கே ஒரு மலையின் விலை நிர்ணயமாகும். 1930களின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்தபோது, இலங்கைத் தோட்டங்களில் சட்டம் போட்டுக் கொடுத்த குறைந்தபட்சச் சம்பளமே வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். துரையும் கணக்கப்பிள்ளையும் நம்ம கண்ணுக்குத் தெரிந்தார்கள். மின்சிங் லேன் தெரியவில்லை.

அந்தச் சந்தில் 1930களில் எழுந்த பெரிய கட்டிடத்துக்குப் பெயர் பிளான்டேஷன் ஹவுஸ். தோட்ட மாளிகை! தேயிலை ஏலம் அதற்குள்ளே நடந்தது. பிறகு அதை இடித்துவிட்டு, 2004இல் கண்ணாடிக் கட்டிடம் ஒன்றைக் கட்டி பிளான்டேஷன் பிளேஸ் என்று பெயர் வைத்தார்கள். தோட்டம் போய்விட்டது, தோட்டத்தின் பெயர் வாடகைக்கு இருந்தது. லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29இல் முடிந்தது. கடைசியாக விற்றது இலங்கைத் தேயிலை. ஹெல்பொட தோட்டத்து 44 கிலோ பெட்டி, கிலோ 555 பவுண்ட். தர்மக் காரியத்துக்காக விலையை ஏற்றினார்கள் என்பது உண்மை. அந்தப் பெட்டிக்குக் கொழுந்து எடுத்தவர்களுக்கு அன்றைக்கும் வழக்கமான பேர்தான் விழுந்திருக்கும்.

அடுத்து டவர் பிரிட்ஜ். எல்லோரும் பாலத்தை எடுக்கிற அதே இடத்தில் நின்று, முதுகைத் திருப்பி ஆற்றின் தென்கரையைப் பாருங்கள். பட்லர்ஸ் வார்ஃப். 1870களின் தொடக்கத்தில் கட்டிய கிடங்குகள். தேயிலை மலை மலையாக அங்கே அடுக்கப்பட்டிருந்தது. பின்னால் இருக்கிற ஷாட் தேம்ஸ் சந்தில் தலைக்கு மேலே இரும்புப் பாலங்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். சரக்கைத் தள்ளிக்கொண்டு போன பாலங்கள். 1972இல் கிடங்குகளை மூடினார்கள். இப்போது எல்லாம் விலையுயர்ந்த அடுக்குமாடிகள். ஒன்றுக்குப் பெயர் சினமன் வார்ஃப், இன்னொன்றுக்கு டீ டிரேட் வார்ஃப். ஏலக்காய்க்கும் ஒரு கட்டிடம் உண்டு. கறுவா, ஏலம், தேயிலை எல்லாத்துக்கும் பெயர்ப்பலகை இருக்கு. பறித்தவளுக்கும் உரித்தவனுக்கும்?

"போன இடத்துல எதுக்கு அரசியல்?"

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். "வாழ்க்கையில ஒரு தடவை போறோம், சந்தோசமா சுத்திப் பார்க்க விடுங்கப்பா. எல்லாத்துலயும் அழுகைதானா?" நியாயமான கேள்விதான், அதனால் நியாயமாகப் பதில் சொல்கிறோம்.

முதலாவது, நாங்கள் யாரையும் அழச் சொல்லவில்லை. மின்சிங் லேனில் நிற்கும்போது வருவது அழுகை இல்லை, நிமிர்வு. "நம்ம ஊர்ல இப்படி வருமா" என்று பெருமூச்சு விடுகிறவருக்கு அந்த ஊர் எப்படி வந்தது என்று தெரியாது. தெரிந்தவர் பெருமூச்சு விடமாட்டார். பளிங்கு மண்டபத்தைப் பார்த்துக் கூச மாட்டார். இதில் நம்ம பங்கு இருக்கு என்று தெரிந்து நடக்கிறவரின் நடை வேற மாதிரி இருக்கும். அதுவும் ஒரு சந்தோசம்தான். நீங்கள் சொல்கிற சந்தோசத்தைவிட நீடிக்கிற சந்தோசம்.

இரண்டாவது, இது வெள்ளைக்காரன் மேல் வன்மம் இல்லை. லண்டனை நாங்கள் சொல்கிற மாதிரி நடந்தால் லண்டனின் ஏழைகளையும் சந்திப்பீர்கள். அந்தத் துறைமுகக் கூலிகள் ஒவ்வொரு நாளும் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வந்து விரலை நீட்டுகிற ஆளுக்கு அன்றைக்கு வேலை. சிலபேருக்கு ஒரு மணி நேர வேலைதான். நம்ம பெரட்டுக்களம் ஞாபகம் வரவில்லையா? 1889 ஆகஸ்டில் அவர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? நடந்தார்கள். துறைமுகத்திலிருந்து பணக்கார நகரத்தின் நடுவே தினமும் ஊர்வலம் போனார்கள், தாங்கள் இருக்கிறோம் என்று காட்ட. ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் முப்பதாயிரம் பவுண்ட் திரட்டி அனுப்பினார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஆறு பென்ஸ் கோரிக்கை ஏற்கப்பட்டது. ஐம்பது வருசம் கழித்து, 1940இல், பதுளைக்குப் பக்கத்து வெவெஸ்ஸ தோட்டத்தில் நம்ம ஆளுங்க நடத்திய போராட்டத்தை இதோடு வைத்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள் தெரிவார்கள்.

மூன்றாவது, இப்படிப் பார்க்க முடியும் என்பதற்குத் தமிழிலேயே முன்னோடி இருக்கிறார். பெரியார் 1931இன் கடைசியில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். பல நாடுகளைச் சுற்றினார். இங்கிலாந்தில் அரண்மனையோடு நிற்காமல், 1932 ஜூனில் யோர்க்ஷயரில் மெக்ஸ்பரோ என்ற சுரங்க ஊரில் தொழிலாளர் கூட்ட மேடை ஏறினார். இந்தியத் தொழிலாளிக்கு உங்கள் தொழிற்கட்சி என்ன செய்தது என்று அந்த நாட்டு மேடையிலேயே கேட்டார். திரும்புகிற வழியில் இலங்கையிலும் இறங்கிப் பேசிவிட்டுத்தான் ஊருக்குப் போனார். அவரோடு எல்லாவற்றிலும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் விருந்தாளியாகப் போனவர் கேள்வியோடு போகலாம் என்பதை அவர் செய்து காட்டினார். நம்ம காலத்து யூடியூப் அண்ணன்மார் கேமராவோடு மட்டும் போகிறார்கள்.

நம்ம பக்கத்து நடை

இங்கேயும் ஒரு சண்டை பாக்கி இருக்கு. லண்டனுக்குப் போனவர் கண்ணை மூடி நடக்கிறார் என்று சொல்கிற நாம், இங்கே வருகிறவர்களுக்கு என்ன காட்டுகிறோம்? கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற தமிழ்ப் பயணிகளும் வெள்ளைக்காரர் எடுக்கிற படத்தைத்தான் எடுக்கிறார்கள். "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கம்பளம் என்றால் யாரோ நெய்திருக்கணும். யார் என்று அடுத்த வரியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஒன்பது வளைவுப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1921இல் கட்டியது. 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்பது வளைவிலும் ஒன்பது வானம் தெரியும். சிங்களத்தில் அதனால்தான் ஒன்பது வானப் பாலம் என்கிறார்கள். யுத்தத்துக்கு இரும்பு போய்விட்டதால் இரும்பில்லாமல் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். யார் பொறியியலாளர் என்பது பற்றி வாக்குவாதம் நடக்கும். கல் சுமந்தவர் யார் என்பது பற்றி வாக்குவாதம் நடந்து நாங்கள் கேட்டதில்லை.

அப்புறம் நம்ம ஸ்டேஷன். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே இருக்கிற சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். அந்த வளையம் எப்படி உதித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். வழி தெரியாமல் திகைத்து நின்ற பொறியியலாளர், ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம். அதிலிருந்து யோசனை வந்ததாம். கதை உண்மையோ பொய்யோ, அதன் அமைப்பைக் கவனியுங்கள். பொறியியலாளருக்கு மூளை இருக்கிறது. கங்காணிக்குத் தலைப்பாகை இருக்கிறது. கங்காணிக்குக் கீழே வேலை செய்தவர்கள் கதைக்குள்ளேயே இல்லை. சுற்றுலாவுக்கு நாம் சொல்கிற கதைகள் எல்லாம் இந்த மாதிரிதான் இருக்கு. நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம், ஏனென்றால் நம்ம ஊர் பெயர் அதில் வருகிறது என்று ஒரு பெருமை.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கிற வறண்ட காற்றில் ஊவாக் கொழுந்துக்கு ஒரு மணம் வரும், அதற்கு உலகச் சந்தையில் தனி விலை என்று எல்லோருக்கும் தெரியும். அதே காற்றில் மலையில் நிற்கிற கைக்கும் உதட்டுக்கும் என்ன ஆகிறது என்று எந்த வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறது? கொஸ்லந்தைப் பக்கம் தியலும நீர்வீழ்ச்சிக்கு நடக்கிறவர்களின் வரைபடத்தில் மீரியபெத்த இருக்கிறதா? 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயத்தோடு ஆட்களை மூடிய இடம் அது. நீர்வீழ்ச்சிக்குப் போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போகிற வழியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போகச் சொல்கிறோம்.

செய்யவேண்டியது

கோபத்தோடு நிறுத்துவது எங்களுக்குப் பிடிக்காது. அதனால் மூன்று விஷயம்.

ஒன்று: லண்டனில் இருக்கிற நம்ம பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை ஒன்றுகூடி, மேலே சொன்ன வழியை நடங்க. மின்சிங் லேனில் நின்று உங்கள் தோட்டத்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதிப் பிடித்துப் படம் எடுங்க. பிக் பென் படத்தோடு சேர்த்து அதையும் போடுங்க. தெமோதரை, ஹாலி எல, பசறை, நமுனுகுல, லுணுகலை என்று பெயர்கள் அந்தச் சந்தில் ஒரு தடவையாவது பெட்டியின் பக்கவாட்டில் இல்லாமல் ஒரு மனுசக் கையில் இருக்கட்டும்.

இரண்டு: கரும்புக்கு ஃபென் கோர்ட்டில் ஒரு முற்றம் இருக்கிறது. தேயிலைக்கும் ஒன்று கேட்போம். பிச்சையாக வேண்டாம், பாக்கியாக. உடனே கிடைக்காது. 1889இல் கேட்டவர்களுக்கும் உடனே கிடைக்கவில்லை. அவர்கள் தினமும் நடந்தார்கள்.

மூன்று: தெமோதரைக்கு நம்ம நடைவழி ஒன்றை நாமே எழுதுவோம். ஸ்டேஷன், வளையம், சுரங்கம் எல்லாம் இருக்கட்டும். அதோடு பெரட்டுக்களம், பழைய லயம், பிள்ளைக் காம்பரா, இடுகாடு எல்லாம் இருக்கணும். அப்பாயிமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதணும், எந்த மலைக்கு என்ன பேர், யார் வெட்டிய ரோடு, எந்த மரத்தடியில் யாருக்குப் பிரசவம் ஆச்சு என்று. வெளியிலிருந்து யார் வந்தாலும் அந்த வழியில் நம்மோடு நடக்கட்டும், காசு கொடுத்து நடக்கட்டும், அக்காவின் பெயரைக் கேட்டுவிட்டுப் படம் எடுக்கட்டும்.

வழியில் என்னென்ன சேர்க்கணும் என்று தெரிந்தவர்கள், முக்கியமாக உடுவரைப் பக்கத்து ஆளுங்க, எங்களுக்கு எழுதுங்க. எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து அனுப்புங்க. முதல் நடையை அடுத்த சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைக்கிறதாக யோசிக்கிறோம்.